முதல்ல தண்ணி, அப்புறம் கேள்வி

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் பளிச்சக்கா கடைக்கு வழி சொல்லிவிடுவார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கிற சலவைக்கடை அது. பெயர்ப்பலகையில் வேறு என்னவோ எழுதியிருக்கிறது, அதை யாரும் படித்ததில்லை. அவள் கை பட்டால் துணி பளிச்சென்று ஆகிவிடும். வாயைத் திறந்தால் பேச்சும் பளிச்சென்று முகத்தில் வந்து விழும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்து வேலையை முடித்துவிட்டார்கள்.

கடை பெரியதல்ல. முன்னால் ஒரு கவுண்டர், அதன் பின்னால் ஒரு திரை. திரையைத் தாண்டினால் சலவை இயந்திரங்கள், இஸ்திரி மேசை, மூலையில் ஒரு கல்தொட்டியும் குழாயும். குழாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது, அவ்வளவு சத்தம். இன்னும் உள்ளே போனால் துணி காயப்போடும் இடம், குடியிருப்பின் படிக்கட்டுக்குப் போகிற பின்கதவு. இஸ்திரி போடுவது அவள் வீட்டுக்காரர். பேசுகிற பொறுப்பைக் கல்யாணம் ஆன அன்றே மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிற மனிதர்.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. யாராவது சட்டையில் காபியைக் கொட்டிக்கொண்டு வந்து, "என்னாச்சுன்னா அக்கா, பஸ்ல ஒருத்தர் திடீர்னு..." என்று ஆரம்பிப்பார்கள். முடிப்பதற்குள் சட்டை அவள் கையில் இருக்கும், குழாய் ஓடிக்கொண்டிருக்கும்.

"முதல்ல தண்ணி, அப்புறம் கேள்வி. நீங்க கதை சொல்லி முடிக்கிறதுக்குள்ள கறை பாலு காய்ச்சி குடித்தனம் வந்துடும்."

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவள் சொல்வது நிஜம். கறையைக் காயவிட்டால் போச்சு. ரத்தமென்றால் பச்சைத் தண்ணீர், எண்ணெய் என்றால் முதலில் மாவு தூவி இழுக்கவேண்டும், மை என்றால் ஸ்பிரிட். எது என்ன கறை என்று கண் பார்ப்பதற்குள் கை வேலையைத் தொடங்கிவிடும். இந்தக் கையைப் பற்றி அவளுக்குக் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், பலபேர் ஒன்றுமே செய்யாமல் கர்வப்படுகிறார்கள்.

அவளுக்குக் குழந்தைகள் இல்லை. தங்கையும் தங்கை மகளும் அதே குடியிருப்பில் மேல்மாடியில் இருந்தார்கள். தங்கைக்குப் பொட்டலம் கட்டும் ஆலையில் ஷிஃப்ட் வேலை, புருஷன் எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டார். அதனால் அந்தப் பெண் பாதி மேல்மாடியிலும் பாதி சலவைக்கடையிலுமாக வளர்ந்தது. பள்ளிக்கூடப் பாடத்தை இஸ்திரி மேசைக்கு அடியில் உட்கார்ந்து படித்தது. பின்கதவைத் தட்டியதே கிடையாது. தோளால் ஒரு தள்ளு, "பெரியம்மா" என்று ஒரு கூப்பாடு, உள்ளே வந்தாயிற்று. படித்து முடித்து வேலைக்கும் போக ஆரம்பித்த பிறகும் பளிச்சக்காவுக்கு அவள் பாப்பாதான்.

அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததும் பளிச்சக்காதான். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு செயலாளர் இருந்தார். தண்ணீர்த்தொட்டி உடைந்தாலும் அவர், யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டுமென்றாலும் அவர். எல்லோருக்கும் எதையாவது செய்துகொடுத்து, எல்லோரையும் கொஞ்சம் கடன்பட்டவர்களாக வைத்திருந்த பெரிய மனுஷன். வெள்ளைச் சட்டைதான் போடுவார். அவற்றுக்குப் பளிச்சக்கா கஞ்சி கொஞ்சம் கூடுதலாகவே போடுவாள். ஒருநாள் சட்டைகளைக் கொடுக்கும்போது, "எங்க பாப்பா படிச்சிட்டுச் சும்மா இருக்கா, ஆபீஸ்ல ஏதாச்சும் இருந்தா பாருங்க" என்று கவுண்டரிலேயே கேட்டாள். அடுத்த மாதமே சங்க அலுவலகத்தில் பாப்பாவுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் கிடைத்தன. பராமரிப்புக் கட்டணம் வாங்குவது, புகார்களை எழுதி வைப்பது, போனை எடுப்பது. வீட்டுக்குக் கீழேயே வேலை, நாலு பேர் நடமாடுகிற இடம், தெரிந்த மனிதர். வேறென்ன வேண்டும் என்று அக்காவும் தங்கையும் நினைத்தார்கள்.

நினைத்ததில் தப்பில்லை. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். தெரியாதவனுக்குத்தான் நாம் பயப்படக் கற்றுக்கொடுக்கிறோம்.

அது ஒரு மத்தியான நேரம். சங்க அலுவலகம் சாப்பாட்டுக்கு மூடியிருக்கிற வேளை. பின்கதவு திறந்தது, ஆனால் கூப்பாடு இல்லை. பளிச்சக்கா திரும்பிப் பார்த்தாள். பாப்பா கதவிலேயே நின்றிருந்தாள். இளநீல ஆபீஸ் சட்டையில் மேல் பொத்தான்கள் இல்லை. ஒரு கை தோள் தையலில் பிரிந்து தொங்கியது. கறை இருந்தது. எங்கே, என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை, அவளுக்குத் தெரிந்தது, அது போதும்.

பளிச்சக்கா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"யாராச்சும் பாத்தாங்களா? வர்ற வழியில யாராச்சும் பாத்தாங்களா?"

பாப்பா இல்லையென்று தலையை ஆட்டினாள். பிறகு, "பெரியம்மா, அந்தச் செயலாளர்..." என்றாள்.

"அப்புறம் சொல்லு. முதல்ல குளி. எல்லாத்தையும் கழட்டி இதுல போடு."

குழாய் திறந்தது. பாப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் பளிச்சக்காவுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. அவள் கேட்கவும் நிற்கவில்லை, வெந்நீர் வைக்க ஓடினாள். சின்ன வயதில் செய்தமாதிரி அந்தப் பெண்ணை உட்காரவைத்து, தலைக்கு ஊற்றி, முதுகு தேய்த்து, துவட்டிவிட்டு, தன் உடுப்பைப் போட்டுவிட்டாள். அழுதுகொண்டேதான் செய்தாள். அந்தக் கைகளில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

பிறகு சட்டைக்கு வந்தாள். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கசக்கி, மறுபடி ஊறவைத்தாள். காய்ந்ததும் தையலைச் சேர்த்தாள். பெட்டியைக் குடைந்து அதே நிறத்தில் பொத்தான்கள் எடுத்துத் தைத்தாள். தானே இஸ்திரியும் போட்டாள், வீட்டுக்காரரைத் தொடவிடவில்லை. சாயங்காலம் அந்தச் சட்டையைப் பார்த்தால் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்தது என்று சொல்வார்கள்.

மடித்து வைத்த சட்டையை மேல்மாடி வீட்டுக் கட்டிலில் பார்த்ததும் பாப்பா சொன்ன முதல் வார்த்தை, "நான் போலீசுக்குப் போறேன்" என்பதுதான்.

தங்கை வேலையிலிருந்து வந்திருந்தாள். தலையில் அடித்துக்கொண்டு, "வேண்டாம்டி, நாளைக்கு உன்னை யாரு கட்டுவான், நாம எங்க போய் இருப்போம்" என்று அரற்றினாள். பளிச்சக்கா நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் பதில் வைத்திருக்கிற அந்த வாயிலிருந்து அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பாப்பா யாருக்காகவும் காத்திருக்கவில்லை, மறுநாள் தனியாகவே போனாள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர், அன்றைக்குப் போட்டிருந்த உடுப்பைக் கேட்டார். போலீஸ்காரம்மாவும் கேட்டார். பாப்பா வீட்டுக்கு வந்து எடுத்துப்போனாள். கடைக்கு வருகிற எல்லாத் துணிக்கும் செய்வதுபோல பளிச்சக்கா அதற்கும் ஒரு காகித டோக்கனைக் குத்தி, பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தாள். கை பழக்கம். போலீஸ்காரம்மா உறையைப் பிரித்து, மடிப்புக் கலையாத சட்டையை மேசையில் விரித்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுவாம்மா அந்தச் சட்டை?"

"ஆமா."

"யாரு துவைச்சது?"

இந்தத் தடவை கூடப் போயிருந்த பளிச்சக்கா, "நான்தான்" என்றாள். அவளுடைய கைவேலையைப் பார்த்து முதல் தடவையாக ஒருவர் உதட்டைப் பிதுக்கினார்.

அந்த வாரத்திலேயே பாப்பா குடியிருப்பை விட்டுப் போய்விட்டாள். நகரத்தின் இன்னொரு பக்கம், பெண்கள் விடுதி ஒன்றில் இடம் பிடித்து, ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலையும் தேடிக்கொண்டாள். அம்மாவுடன் அவ்வப்போது பேசினாள். பெரியம்மா கூப்பிட்டால் மட்டும், "வேலையா இருக்கேன் பெரியம்மா, அப்புறம் பேசுறேன்" என்பாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

துவைத்ததற்குத்தான் கோபம் என்று பளிச்சக்கா முடிவுக்கு வந்தாள். அவள் தெரியாமல் செய்ததாலே ஒரு கேஸ் பாழாகப்போகிறது, பாப்பா எப்படி மன்னிப்பாள். அன்றிலிருந்து ராத்திரியில்கூடப் பின்கதவுக்குத் தாழ் போடுவதை நிறுத்திவிட்டாள். "பூனை வந்து வெளுத்த துணியில படுத்துக்குது" என்று வீட்டுக்காரர் ஒருதடவை முணுமுணுத்தார். "படுத்துட்டுப் போகட்டும்" என்று பதில் வந்தது. அந்தக் கதவை ஒரு தோள் தள்ளித் திறக்கவேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

செயலாளர் ஜாமீனில் வந்துவிட்டார். வந்த மறுவாரம் ஒன்றும் நடக்காதது போலக் கடைக்கே வந்து, சட்டைகளைக் கவுண்டரில் வைத்தார்.

"அவசரமில்ல, மெதுவா குடுங்க."

பளிச்சக்கா அவற்றைத் தொடவில்லை. "உங்க துணி இங்க வேண்டாம்" என்றாள்.

"என்னம்மா இது. ஒரு பொண்ணு ஏதோ சொல்லுச்சுன்னு, இத்தனை வருஷப் பழக்கத்தை..."

"வேண்டாம்னு சொன்னேன்."

உள்ளே இஸ்திரிப்பெட்டியை மேசையில் நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் திரையை விலக்கிக்கொண்டு வந்து மனைவி பக்கத்தில் நின்றார். செயலாளர் சட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரோடு குடியிருப்பில் பாதிப்பேரின் துணிகளும் வேறு கடைக்குப் போய்விட்டன. "அந்தம்மாவுக்கு நாக்கு நீளம், பொண்ணுக்கு என்ன நீளமோ" என்று படிக்கட்டில் நின்று சிரித்தவர்களும் உண்டு. அவர்களில் பாதிப்பேர் பெண்கள். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மருந்துக்கடைக்காரர்தான், மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் உதவி மையம் இருக்கிறது என்று சொன்னார். பளிச்சக்கா போனாள். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஆலோசகர் ஒருவர் அவளை உட்காரவைத்துப் பேசினார். அந்த மாதிரி நேரத்தில் உடுப்பைத் துவைக்கக்கூடாது, ஈரமாக இருந்தால் நிழலில் ஆறவிட்டுக் காகிதப் பையில் போடவேண்டும், பிளாஸ்டிக் ஆகாது, முடிந்தால் குளிக்காமலே மருத்துவரிடம் போவது நல்லது என்றெல்லாம் சொன்னார். "துவைச்சுட்டா எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தமில்ல. அந்தப் பொண்ணு சொல்றதே பெரிய சாட்சி" என்றார். பளிச்சக்காவுக்குக் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான்.

"நீங்க தெரியாமதானே செஞ்சீங்க. அவங்ககிட்ட உக்காந்து பேசினீங்களா?" என்று ஆலோசகர் கேட்டார்.

"பேசணும்" என்றாள் பளிச்சக்கா. "அந்தக் காகிதப் பை எங்க கிடைக்கும் மேடம்?"

அவள் ஒரு காரியத்தில் இறங்கினால் பாதியில் நிற்கிற ஆளில்லை. கவுண்டருக்குப் பின்னால் கட்டுக்கட்டாகக் காகிதப் பைகள் வந்துசேர்ந்தன. சுவரில், கஞ்சிக்கான விலைப்பட்டியலைக் கழற்றிவிட்டு, கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது. யாரேனும் உங்களை வன்முறைக்கு ஆளாக்கியிருந்தால் அந்த உடுப்பை இங்கே துவைக்கக் கொடுக்காதீர்கள், பையை இலவசமாகத் தருகிறோம், கூட வருகிறோம். கீழே உதவி மையத்தின் எண். சலவைக்கடையில் இப்படி ஒரு பலகையா என்று வந்தவர்கள் நெளிந்தார்கள். துணியைக் கொடுத்துவிட்டு அதைப் பார்க்காதமாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதோடு விட்டாளா. தையல் வகுப்பு, மகளிர் சேமிப்புக்குழு, ஆலையின் சாப்பாட்டுக்கூடம் என்று பெண்கள் நாலுபேர் கூடுகிற இடமெல்லாம் போய் நின்றாள். ஆரம்பத்தில் குரல் நடுங்கியது, பிறகு பழகிவிட்டது. "எனக்குக் கறை எடுக்கத் தெரியும். எடுத்துக் காட்டினேன். அதோட ஒரு கேஸையே எடுத்துட்டேன்" என்றுதான் தொடங்குவாள். யார், என்ன என்ற விவரம் சொல்லமாட்டாள், எங்கள் வீட்டுப்பெண் என்பதோடு சரி. பைகளை நீட்டுவாள். எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவளையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். பாப்பா முன்வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தாள், திரும்பவே இல்லை. செயலாளரின் வக்கீல் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க எந்தக் கறையையும் எடுத்துடுவீங்கன்னு சொல்றாங்களே அம்மா?"

"ஆமா."

"இந்தச் சட்டையில கறை இருந்துச்சுன்னு சொல்றீங்க. கிழிஞ்சிருந்துச்சுன்னும் சொல்றீங்க. இப்ப காட்ட முடியுமா?"

"முடியாது."

"ஏன்?"

"நான் துவைச்சிட்டேன். தைச்சிட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மற்றதையெல்லாம் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் வக்கீல் அவ்வளவு போதும் என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் சந்தேகத்தின் பலன் அந்த ஆளுக்குப் போயிற்று. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. யாரும் பார்க்கவில்லை என்றார்கள், பாப்பா ஒருநாள் தாமதமாகப் போனாள் என்றார்கள், அலுவலகச் சாவி யாரிடம் இருந்தது என்பதிலேயே குழப்பினார்கள். பளிச்சக்கா அதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு சட்டைதான் தோற்கடித்தது என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. செயலாளர் சங்க அலுவலகத்தில் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

தீர்ப்பு வந்து கொஞ்சநாளில், உதவி மையத்தார் நகரமன்றத்தின் சின்னக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பளிச்சக்கா பேசினாள். வழக்கமான பேச்சுதான், ஆனால் தீர்ப்புக்குப் பிறகு அவள் குரலில் ஒரு வெறி ஏறியிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கடைசி வரிசையில் பாப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். கண் மருத்துவமனைச் சீருடையோடே வந்திருந்தாள். தான் படுகிற பாட்டை இவள் பார்க்கட்டும், மனது இளகட்டும் என்று பளிச்சக்கா இன்னும் உருக்கமாகப் பேசினாள். கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா வந்து இன்னொரு பக்கத்திலிருந்து மடக்க ஆரம்பித்தாள்.

"நல்லா பேசுறீங்க பெரியம்மா."

"எல்லாம் உனக்காகத்தான்டா பாப்பா. அந்தச் சட்டையைத் துவைச்ச பாவத்துக்கு..."

"சட்டையைப் பத்தித்தான் பேசுறீங்க. முழுக்க முழுக்க சட்டைதான். அதுக்குள்ள நான் ஒருத்தி இருந்தேன்."

பளிச்சக்கா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"நீங்க துவைச்சதுக்கு எனக்குக் கோவம்னு அம்மாகிட்ட சொன்னீங்களாமே. உங்களுக்குத் தெரியாது, அன்னிக்கு எனக்கும் தெரியாது. உங்க கடைச் சட்டம் எனக்குத் தெரியும் பெரியம்மா, அந்த மேசைக்கு அடியில உக்காந்து வளர்ந்தவ நான். முதல்ல தண்ணி, அப்புறம் கேள்வி. சரி, தண்ணி ஊத்துனீங்க. அப்புறம் அந்தக் கேள்வி எங்க?"

"நான் கேட்டேனே. என்னாச்சுன்னு..."

"இல்ல. யாராச்சும் பாத்தாங்களான்னு கேட்டீங்க. அது ஒண்ணுதான் கேட்டீங்க. அது யாருன்னு நான் சொன்னேன், குழாய் ஓடிச்சு. மறுபடி சொன்னேன், வெந்நீர் வைக்கப் போயிட்டீங்க. அதுக்கப்புறம் ஒருநாள்கூட நீங்க என்கிட்ட கேக்கல. போலீஸ் கேட்டாங்க, டாக்டர் கேட்டாங்க, அந்த வக்கீல் கேட்டான். நீங்க கேக்கல. நான் சொல்றதை நம்புறீங்களா இல்லையான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது."

"என்னடா இப்படிச் சொல்ற. நம்பாமலா அவன் துணி வேண்டாம்னு சொன்னேன், நம்பாமலா ஊரெல்லாம் போய்..."

"ஊரெல்லாம் சொன்னீங்க. என்கிட்ட சொல்லல."

பாப்பா கடைசி நாற்காலியை அடுக்கின்மேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள். அப்போதாவது பின்னால் ஓடிப்போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். பளிச்சக்கா என்ன செய்தாள் தெரியுமா, நல்லதுக்குத்தானே செய்தேன், ராத்திரி பகல் பார்க்காமல் செய்தேனே என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டு அங்கேயே நின்றாள். அந்த வாதத்தில் அவளே வக்கீல், அவளே நீதிபதி. எவ்வளவு பேசியும் தீர்ப்பு அவள் பக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் கூட்டங்களுக்குப் போவது நின்றது. கடையில் பேச்சும் குறைந்தது. யாராவது காபிக் கறையோடு வந்து கதையை ஆரம்பித்தால், சொல்லி முடிக்கிறவரை துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டவர்கள் உண்டு. பின்கதவு மட்டும் தாழ் போடாமலே இருந்தது.

ஒரு காலை வேளை. எதிர்வரிசை வீடு ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். வாடிக்கைதான், ஆனால் வந்தால் துணியைக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொண்டு போகிறவள், இரண்டு வார்த்தைக்குமேல் பேசியதில்லை. அன்றைக்குக் கவுண்டரில் நிற்காமல் திரைப்பக்கம் வந்தாள். கையில் இறுக்கிச் சுருட்டிய ஒரு பை.

"இது கொஞ்சம் உடனே வேணும். பத்து மணிக்குள்ள வீட்டுக்குப் போயாகணும். கறை தெரியக்கூடாது."

சுருட்டலையும் மீறிப் பையின் வாய் கொஞ்சம் பிரிந்திருந்தது. பளிச்சக்காவின் கண்ணுக்கு அதற்குமேல் விவரம் தேவைப்படவில்லை. கை பழக்கம் என்பது லேசில் விடுகிறதா, பையை வாங்கிவிட்டாள், குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் தடதடவென்று தொட்டியில் விழுந்தது. அந்தப் பெண் ஏதோ சொன்னாள், உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

பளிச்சக்கா குழாயை மூடினாள்.

பையைப் பிரிக்காமல் மேசையில் வைத்தாள். ஒரு முக்காலியை இழுத்து அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தாள். காகிதப் பைகள் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தன, அவற்றையும் எடுக்கவில்லை.

"துவைக்க மாட்டீங்களா?"

"அது இருக்கட்டும். நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க."

"ஒண்ணுமில்ல."

"சரி."

ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை வீட்டுக்காரர் நிறுத்தினார். முன்பக்கம் போய்க் கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கஷ்டமான வேலையைப் பளிச்சக்கா வாழ்நாளில் செய்ததில்லை. கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மடியில் போட்டு அழுத்திக்கொண்டாள். யார் பார்த்தார்கள், எப்போது, ஏன் போனாய், ஏன் கத்தவில்லை என்று ஊர் கேட்கிற கேள்வியெல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. ஒன்றையும் வெளியே விடவில்லை.

அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். அவள் என்ன சொன்னாள், யாரைச் சொன்னாள் என்பது அவளுடைய விஷயம், வேண்டுமென்றால் அவளே சொல்வாள். பாதியில் நிறுத்தினாள், திரும்பத் தொடங்கினாள். முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே, "வீட்ல யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள்.

"நான் நம்புறேன்" என்றாள் பளிச்சக்கா.

சொல்லிவிட்டாள். இவ்வளவுதானா அது என்று இருந்தது. இதைச் சொல்வதற்குக் கையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அவளுக்கு அழுகை முட்டியது. இந்தப் பெண்ணுக்கு முன்னால் அழுதால் அது தனக்காக அழுவதாகும் என்று அடக்கிக்கொண்டாள்.

"துணியைத் துவைக்கணுமா வேண்டாமா, யார்கிட்டயாச்சும் போகணுமா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், முடிவு நீங்க எடுங்க. எதுவானாலும் நான் கூட இருக்கேன்."

அந்தப் பெண் வெகுநேரம் யோசித்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆனா அங்க என்ன கேப்பாங்கன்னு பயமா இருக்கு. போயிட்டு வந்தவங்க யாரையாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

பளிச்சக்கா போனை எடுத்துக்கொண்டு துணி காயப்போடும் பக்கம் போனாள். பாப்பா எடுப்பாள் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை. எடுத்தாள்.

"வேலையா இருக்கேன் பெரியம்மா."

"தெரியும்டா. இங்க ஒருத்தங்க வந்திருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். போயிட்டு வந்தவங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேக்குறாங்க. உன் பேரை நான் சொல்லல. உன்னைக் கேக்காம சொல்ல மாட்டேன்."

மறுபக்கம் மருத்துவமனையில் யாரையோ பெயர் சொல்லி அழைக்கிற சத்தம் கேட்டது.

"துணி?"

"பையில அப்படியே இருக்கு. நான் தொடல."

"அவங்ககிட்ட என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல. குழாயை மூடிட்டு உக்காந்தேன். அவங்களே சொன்னாங்க. நம்புறேன்னு சொன்னேன்."

பாப்பா பேசவில்லை. முன்பென்றால் பளிச்சக்கா அந்த இடைவெளியை நூறு வார்த்தையால் நிரப்பியிருப்பாள்.

"உன்கிட்ட சொல்லல" என்றாள். "சொல்லியிருக்கணும். சொல்லல."

"இப்ப அதைப் பேச முடியாது பெரியம்மா. அவங்களைத் தனியா விட்டுடாதீங்க. வரேன்."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, மறுபடி தரையில் அதே இடத்தில் உட்கார்ந்தாள். வெளியே பேருந்துகள் வந்து போயின. யாரோ கவுண்டருக்கு வந்தார்கள், வீட்டுக்காரர், "இன்னிக்குக் கடை இல்ல" என்று சொல்வது கேட்டது. அந்த மனிதர் ஒரு வாடிக்கையாளரிடம் பேசியது அன்றைக்குத்தான்.

பின்கதவு தட்டப்பட்டது.

பளிச்சக்கா நிமிர்ந்தாள். கதவு தாழ் போடாமல்தான் இருந்தது, லேசாகத் தள்ளினால் திறந்துகொள்ளும். பாப்பாவுக்கு அது தெரியும். ஆனாலும் தட்டினாள், தட்டிவிட்டு, திறக்கட்டும் என்று வெளியிலேயே நின்றாள். அந்தத் தட்டல் பளிச்சக்காவுக்கு வலித்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். ஒன்றும் கேட்காமல், பாப்பா உள்ளே போவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.